கலைமகள் விழுங்கிய மாத்திரைகள்

கலைமகள் இந்த ஐந்து மாதத்தில் இருபத்திரண்டு இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியிருக்கிறாள். அதில் ஒன்றுகூட அவளுக்கு உரியதில்லை. வாரம் ஒரு தடவை பால்வாடி டீச்சர் அபிதகுசாம்பாள் வாசலில் வந்து நிற்பாள். அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கிக் கையில் வைப்பாள். "போட்டுக்கோ. நான் பாக்கணும். அந்தாண்ட போய் துப்பற கதையெல்லாம் எனக்குத் தெரியும். நாக்கத் தூக்கிக் காட்டு" என்பாள். கலைமகள் தண்ணீரை ஊற்றிக்கொண்டு விழுங்கி, நாக்கைத் தூக்கியும் காட்டுவாள். மறுநாள் முழுக்க வயிறு கல்லாகக் கிடக்கும். அந்த வயிற்றோடு ஊடை நூலைத் தாராகச் சுற்ற ராட்டையில் உட்கார்ந்தால் எரிச்சலில் பட்டு நூலை நாலு தடவை அறுத்துவிடுவாள். உள்ளே தறியில் ஊடை ஓட்டுகிற நாடா அந்தத் தாருக்காகக் காத்துக்கொண்டிருக்கும். "இன்னா கலை, தூங்கிட்டியா?" என்று புருஷன் கமலக்கண்ணன் தறிக்குழியிலிருந்து குரல் கொடுப்பான். தூங்கவா? யார் ரத்தம் ஊற யார் மாத்திரை தின்பது என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விஷயம் இதுதான். அந்த வீட்டுக் குழந்தை ஆகாஷ் அவள் பெற்ற பிள்ளை இல்லை. அவளுக்கு இருப்பது நாலாவது படிக்கிற ஒரே மகள். ஆகாஷ் கொழுந்தன் தீனாவின் பிள்ளை; பெற்றவள் இனியா. சந்தவாசலிலிருந்து பஸ்ஸில் வந்து பட்டுக் கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்த பெண். பவர்லூம் ஓட்டுகிற தீனா கடைக்குச் சரக்கு கொண்டுபோகிறவன். அப்புறம் என்ன, ஒரு நாள் இரண்டு பேரும் மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்றார்கள். பெண்ணுக்கு அப்போது பதினாறு. அவள் அப்பா சின்னதுரை வந்து கத்திவிட்டு, "இனி எனக்குப் பொண்ணு இல்ல" என்று போய்விட்டார். போலீசுக்குப் போனால் மானம் போகும் என்று அவரும் போகவில்லை.

ஆறு மாதத்தில் அவள் முழுகாமல் இருந்தாள். அப்போதுதான் மாமியார் ராஜம்மாளுக்கு அந்த யோசனை வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பதிந்தால் வயசைக் கேட்பார்கள். வயசைச் சொன்னால் தீனா உள்ளே போவான். "உன் ஆதார் கார்ட குடுடி கலை. குடுத்தா உன் ஒடம்புல இன்னா கொறஞ்சிடப் போவுது?" என்றாள். கலைமகளின் அம்மா வீடு சேத்துப்பட்டு. அந்த விலாசத்தில் கலைமகள் கர்ப்பிணி என்று எழுதி, அந்தப் பக்கம் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் இனியாவைச் சேர்த்து, கலைமகள் என்று கூப்பிட்டால் இனியா "உம்" சொல்லப் பழகி, பிள்ளை பிறந்தது. இரண்டு கிலோ நூறு. பிறப்புச் சான்றிதழில் தாய் பெயர் கலைமகள், தந்தை கமலக்கண்ணன். தெருவில் நாய்க்குக்கூட உண்மை தெரியும். கவர்ன்மெண்டுக்கு மட்டும் தெரியாது. அபிதகுசாம்பாள் டீச்சர் அப்போதுதான் வந்தவாசிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவள். கலைமகளுக்கு வயிறு இருந்ததா இல்லையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கார்டைக் கொடுத்தது தன் தப்புதான் என்று கலைமகளுக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு வார்த்தை "மாட்டேன் அத்தை" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொழுந்தன் ஜெயிலுக்குப் போவானே என்று பாவம் பார்த்தாள். பாவம் பார்த்ததற்குப் பலன், மாதா மாதம் பால்வாடியில் நடுச்சபையில் வசவு.

எடை போடுகிற நாளில் அவள்தான் ஆகாஷைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். போனதும் டீச்சர் செல்போனை முகத்துக்கு நேராகப் பிடிப்பாள். "கண்ண சிமிட்டு." சிமிட்டுவாள். ஆதாரில் இருக்கும் முகமும் இந்த முகமும் ஒன்றுதான் என்று போன் ஒப்புக்கொள்ளும். சத்துமாவு பாக்கெட் கைக்கு வரும். பிறகு பிள்ளையைத் தராசுத் தொட்டியில் போடுவார்கள். முதல் மாதம் மூன்று கிலோ. இரண்டாம் மாதம் மூன்றரை. மூன்றாம் மாதம் நாலு. அட்டையில் போடுகிற கோடு பச்சைக்கு வராமல் மஞ்சளிலேயே படுத்துக் கிடந்தது.

"ஏம்மா கலைமகள், உன் ஒடம்ப பாரு, ஜம்முனு இருக்க. ரத்தம் பன்னெண்டுக்கு மேல. புள்ளய பாரு, எலும்பு எண்ணலாம். தின்றதெல்லாம் உனக்கே ஒட்டிகினா எப்படி? ஒரு தாய்க்கு இவ்ளோ சுயநலம் ஆவாதும்மா!"

சுற்றி உட்கார்ந்திருக்கிற பெண்கள் முந்தானையில் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். கலைமகளுக்கு அந்தத் தராசுத் தொட்டியிலேயே தலையைக் கவிழ்த்துக்கொள்ளலாம் போலிருக்கும். சுயநலமாம்! பெறாத பிள்ளைக்கு வசவு வாங்குகிறவள் சுயநலக்காரியாம்!

டீச்சரைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டுக்கு வந்தால் துணிப் பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பாடம் நடத்துவாள். பிள்ளையின் தலை எங்கே இருக்க வேண்டும், வாய் எவ்வளவு அகலமாகத் திறக்க வேண்டும், ஒரு பக்கம் தீர்ந்தபிறகுதான் மறுபக்கம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூட ஒரு சொட்டு ஆகாது. ராத்திரி பகல் பத்துத் தடவை. அத்தனையும் கலைமகளுக்கு. இனியா அந்த நேரத்தில் உள்ளறையில். டீச்சரின் ஸ்கூட்டி சத்தம் தெருமுனையில் கேட்டதுமே ராஜம்மாள் "போ உள்ள, ஜல்தி" என்று அவளைத் தள்ளிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிடுவாள்.

டீச்சர் போனதும் கலைமகள் கேட்டதையெல்லாம் சூடு ஆறாமல் இனியாவிடம் ஒப்பிப்பாள். பாதியிலேயே ராஜம்மாள் புகுந்துவிடுவாள். "அந்தம்மா எத்தினி பெத்தா? நான் நாலு பெத்து ரெண்ட ஆளாக்கினவ. சின்னப் பொண்ணு, அவளுக்கேது பாலு?" இதைப் பிள்ளை பிறந்த அன்றைக்கே ராஜம்மாள் முடிவுகட்டிவிட்டாள். சீம்பால் செரிக்காது என்று மூன்று நாள் பீய்ச்சிக் கொட்டச் சொன்னாள். சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் நனைத்து வாயில் வைத்தாள். நாலாம் நாள் பிள்ளை வாய் வைக்கவில்லை என்றதும், "நான் சொல்லல?" என்று மாவுப்பால் டப்பா வந்தது. இனியாவும் அதையே பிடித்துக்கொண்டாள். "எனக்கு பால் வரலக்கா. அவன் வாய வெச்சா அழுவறான். எனக்கு பயமா இருக்குது" என்பாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள்.

"ஏண்டி, போன பாக்கற நேரத்துல புள்ளய பாக்கலாமில்ல?" என்று கலைமகள் கத்துவாள். பிள்ளை பெற்றவளா, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவளா என்று சொல்லமுடியாத ஒரு முறைப்பு மட்டும் வரும். அவள் தட்டைப் பார்த்தாலோ இன்னும் எரிச்சல். பத்தியமாம். ஐந்து மாதமாக மிளகு ரசமும் சுட்ட அப்பளமும். கீரை ஆகாது, பிள்ளைக்குப் பச்சையாகப் போகும். முட்டை சூடு. பழம் சளி. மற்ற நாளுக்கென்று டீச்சர் கொடுத்துவிட்டுப் போகிற மாத்திரை அட்டைகள் பால் வற்றிப்போகும் என்று பரண்மேல். வராத பால் எப்படி வற்றும் என்று மட்டும் யாரும் ராஜம்மாளைக் கேட்கக் கூடாது. சத்துமாவை வெல்லம் போட்டு உருண்டை பிடித்து மகன்களுக்குக் கொடுப்பாள். "தறியில உக்கார்றவனுக்குத் தெம்பு வேணாமா?" கலைமகளும் இரண்டு உருண்டை தின்றிருக்கிறாள். இல்லையென்று அவள் சொல்லவில்லை. நன்றாகவே இருந்தது.

தை மாதம் எடை போட்ட அன்றைக்குத்தான் எல்லாம் முறிந்தது. போன மாதம் நாலு கிலோ முந்நூறு. இந்த மாதமும் நாலு கிலோ முந்நூறு. டீச்சர் மூன்று தடவை நிறுத்தாள். தொட்டியைத் தட்டிப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து அட்டையில் சிவப்பில் புள்ளி வைத்தாள். அன்றைக்கு அவள் திட்டவில்லை. அதுதான் கலைமகளைப் பயமுறுத்தியது.

பிள்ளை அழுதுகொண்டிருந்தான். அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு முனகல். டீச்சர் மற்றப் பெண்களைத் திரும்பி உட்காரச் சொன்னாள்.

"பால் குடு. இங்கயே, இப்பவே. நீ எப்படி குடுக்கறன்னு நான் பாக்கணும்."

"இப்பதான் குடிச்சான் டீச்சர்."

"பொய் சொல்லாத. பசியில கைய சூப்பறான். குடும்மா."

கலைமகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். காதெல்லாம் சூடேறியது. "வெக்கமா இருக்குது டீச்சர்" என்றாள். முப்பத்திரண்டு வயதில், ஒன்பது வயதுப் பெண்ணுக்குத் தாய், வெட்கமாம்! அவளுக்கே அது கேவலமாகப் பட்டது.

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வண்டி வரும். பெரிய ஆஸ்பத்திரியில சேக்கணும். பதினாலு நாள். தாயும் புள்ளயும் கூடவே இருக்கணும், அங்க பால் குடுக்க சொல்லிக் குடுப்பாங்க. வரலன்னா இந்தப் புள்ள தங்காது. நான் பயமுறுத்தல, பாத்ததைச் சொல்றேன்."

தங்காது. தெருவெல்லாம் அந்த ஒரு சொல் கலைமகளின் கூடவே வந்தது.

வீட்டில் சொன்னாள். கமலக்கண்ணன் தறியை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தான். எதற்கும் அவன் செய்வது அதுதான். ஷெட்டிலிருந்து ஓடிவந்த தீனா, "அண்ணி, அவள ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனா கேஸ் ஆயிடும் அண்ணி" என்று நகத்தைக் கடித்தான். ராஜம்மாளிடம் மட்டும் யோசனை தயாராக இருந்தது.

"நீயே போடி கலை. உன் பேர்லதானே இருக்குது? ஒரு டப்பா பால எடுத்துகினு போய் பதினாலு நாள் படுத்துகினு வா. தார் நான் சுத்தறேன்."

கலைமகளுக்குச் சிரிப்பதா, எங்கேயாவது முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. "அத்தை, அது பால் குடுக்கக் கத்துக்குடுக்கற எடம்! அங்க போய் நான் எதைக் குடுக்கறது?"

"டாக்டருங்க கேட்டா வத்திப்போச்சுன்னு சொல்லு."

இதற்குமேல் பேசினால் தொண்டைதான் போகும். கலைமகள் அடுக்களைக்குள் போனாள். அங்கே இனியா பால் கலக்கிக்கொண்டிருந்தாள். பாட்டில் நிறைய வெந்நீர். டப்பாவைத் திறந்தாள், கரண்டியில் மாவு எடுத்தாள், விரலால் தட்டி மேலே குவிந்ததைச் சமப்படுத்தினாள், ஒரே ஒரு கரண்டி போட்டாள், மூடி குலுக்கினாள். கலைமகள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பாட்டிலுக்கு அந்தப் பக்கம் ஜன்னல் கம்பி தெரிந்தது.

"இது இன்னாடி? அரிசி கழுவின தண்ணியா?"

"பால்க்கா."

"பாலா? டப்பால படம் போட்டிருக்குது பாரு. இத்தினி தண்ணிக்கு அஞ்சு கரண்டி. அஞ்சு! நீ பத்தாவது படிச்சவதானே? எண்ணத் தெரியாது? அஞ்சு மாசமா புள்ளைக்கு வெறும் தண்ணியவா ஊத்தினுருக்க? பேஜார் புடிச்ச வீடுடி இது! நான் அங்க போய் ஊரு முன்னால திட்டு வாங்கினு வரேன், நீ இங்க..."

"அத்தைதான்க்கா சொன்னாங்க. கெட்டியா குடுத்தா மாந்தம் வரும், ஒரு கரண்டி போதும்னு."

"அவங்க சொன்னா? டீச்சர் சொன்னத நான் வந்து சொன்னேனே, அது காதுல ஏறலியா?"

இனியா பாட்டிலைப் பிடுங்கித் தரையில் வைத்தாள். இத்தனை மாதத்தில் அவள் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான்.

"டீச்சர் சொன்னது எனக்கும் கேட்டுச்சு! கதவுக்குப் பின்னால உக்காந்து எல்லாத்தயும் கேட்டுகினுதான் இருந்தேன். தண்ணி குடுக்கக் கூடாதுன்னு அத்தைகிட்ட சொன்னேன். அது கலைக்குச் சொன்னது, உனக்கில்லன்னாங்க. பொம்மைய வெச்சு எப்படிப் புடிக்கணும்னு காட்றாங்களே, அது எனக்குத் தெரியுதா? கதவுதான் தெரியுது. நீங்க வந்து வாயால சொல்றீங்க, எனக்கு வரமாட்டேன்னுது. நான் யார்கிட்டக்கா கேக்கறது? எனக்கே பசிக்குதுக்கா. ராத்திரியெல்லாம் பசிக்குது."

கலைமகள் ஐந்து மாதமாக இந்தப் பெண்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தாள். பூட்டிவைத்த கதவுக்கு வெளியில் உட்கார்ந்து மாத்திரை தின்றவள் தான்தான். பாட்டிலை எடுத்துச் சாக்கடையில் கொட்டினாள். எண்ணி ஐந்து கரண்டி போட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தாள். அவன் மூச்சுவிடாமல் குடித்தான். பிறகு நாலு முட்டையை வேகவைத்து உரித்து, உப்பு தூவி, இனியாவின் முன்னால் வைத்தாள்.

"முட்டையா? சூடு!" என்று ராஜம்மாள் வந்தாள்.

"ஆமா அத்தை, சூடுதான். நீங்க கூடத்துல போய் உக்காருங்க" என்றாள் கலைமகள். பன்னிரண்டு வருஷத்தில் மாமியாரிடம் அவள் அப்படிப் பேசியதில்லை. நாலு முட்டையையும் இனியா தின்று முடிக்கும்வரை அடுக்களை வாசலை விட்டு நகரவில்லை.

காலையில் ஒன்பது மணிக்கு ஆகாஷை இடுப்பிலும் இனியாவைக் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு கலைமகள் கிளம்பினாள். ராஜம்மாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "என் புள்ள ஜெயிலுக்குப் போனா உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றாள்.

"முழிக்காதீங்க. இவன் போயிட்டா நம்ம யார் மூஞ்சில முழிப்போம்?"

ராஜம்மாள் வழி விடவில்லை. கமலக்கண்ணன்தான் தறிக்குழியிலிருந்து ஏறி வந்து, "அம்மா, தள்ளு" என்றான். அம்மாவை எதிர்த்து அவனுக்கு இரண்டு வார்த்தை பேசத் தெரியும் என்பதே கலைமகளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பால்வாடியில் கலைமகள் சுற்றி வளைக்கவில்லை. "டீச்சர், புள்ள என்னுது இல்ல. இவளுது. இவ பேரு இனியா. என் ஆதார வெச்சு ஏமாத்திட்டோம்."

டீச்சர் கையிலிருந்த நோட்டை மெதுவாக மூடினாள். பிறகு பிடித்துக்கொண்டாள் பாருங்கள்!

"அஞ்சு மாசம்! வேகாத வெயில்ல வண்டி ஓட்டினு வந்து, பொம்மைய மடில போட்டுகினு, தொண்டத்தண்ணி வத்த வத்த யாருக்குப் பாடம் நடத்தினேன்? மாத்திரைய வேற முழுங்கியிருக்கியேம்மா! அத்தினியும் முழுங்கினியா? உனக்கு அறிவிருக்குதா? இந்தத் தெருவுல ஒருத்திக்கு வாயில்லியா?" சத்துமாவு வாங்க வந்த பெண்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். போன மாதம் சிரித்தவர்களில் ஒருத்தியும் சிரிக்கவில்லை.

திட்டி முடித்ததும் டீச்சர் நாற்காலியை இழுத்து இனியாவுக்கு எதிரே போட்டுக்கொண்டாள்.

"இன்னா சாப்ட்ட?"

இனியா வழக்கம்போல் கலைமகளைப் பார்த்தாள்.

"அவள பாக்காத. உன்னத்தான் கேக்கறேன். நேத்து இன்னா சாப்ட்ட?"

"முட்டை."

"அதுக்கு முன்னாடி?"

"ரசஞ்சோறு."

"அதுக்கு முன்னாடி?"

இனியா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். டீச்சர் மற்றப் பெண்களை வெளியே அனுப்பிவிட்டு, அரிசி மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் பாயைப் போட்டு இனியாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனாள். கலைமகள் இந்தப் பக்கமே நின்றாள். "தலைய தாழ்த்தாத, அவன உன்னான்ட கொண்டா... அவசரப்படாத... அழட்டும், பரவால்ல... இன்னும் கிட்ட" என்று டீச்சரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளை அழுதான், நிறுத்தினான், மறுபடி அழுதான். கடைசியில் அழுகை நின்றது.

டீச்சர் புடவையை உதறிக்கொண்டு வெளியே வந்தாள். "கொஞ்சம் வருது. அஞ்சு மாசம் போயிடுச்சு, பழையபடி எவ்ளோ வரும்னு சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில பாப்பாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இத நான் மறைக்க மாட்டேன் கலைமகள். மேல எழுதத்தான் போறேன். இன்னாலாம் வரும்னு எனக்குத் தெரியாது. உனக்கும் சேத்துதான் வரும்."

"எழுதுங்க டீச்சர்" என்றாள் கலைமகள். வாசலில் தீனா பைக்கின் அருகே நின்றுகொண்டிருந்தான். இனியாவின் துணிப்பை அவன் கையில் இருந்தது. உள்ளே வரவும் இல்லை, ஓடிப்போகவும் இல்லை.

பழக்க தோஷத்தில் டீச்சர் மேசையிலிருந்த அட்டையைப் பிதுக்கி ஒரு மாத்திரையைக் கலைமகளிடம் நீட்டினாள். கலைமகள் அதை வாங்கி இனியாவின் கையில் வைத்தாள். இனியா விழுங்கிவிட்டு, யாரும் கேட்காமலே நாக்கைத் தூக்கிக் காட்டினாள். கதவுக்குப் பின்னாலிருந்து அதையும் கேட்டுத்தான் இருந்திருக்கிறாள்.

பத்தரைக்கு வண்டி வந்தது. இறங்கிய நர்ஸ் கையில் தாளும் பேனாவும் வைத்திருந்தாள். "கலைமகள் யாரு? கலைமகள்!" என்று கூப்பிட்டாள். சேத்துப்பட்டுப் பழக்கத்தில் இனியா "உம்" என்று எழுந்தாள். கலைமகள் அவளைப் பிடித்து நிறுத்தினாள்.

"கலைமகள் நான்தாங்க. நான் வரல. தாய் இவ. என் பேர அடிச்சிட்டு இவ பேர எழுதுங்க."

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டீச்சர் தலையாட்டியதும் கோடு கிழித்துவிட்டு இனியாவைப் பார்த்தாள்.

"பேரு?"

"இனியா."

"வயசு?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஒரு வீடே இத்தனை நாள் கதவைத் தாழிட்டுக்கொண்டிருந்தது. கலைமகள் வாயைத் திறந்தாள். அதற்குள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தவள் தானே சொன்னாள்.

"பதினேழு."

நர்ஸ் எழுதிக்கொண்டாள்.